கண்மாய்க்குள் போன ரோடு

சில மாதங்களுக்கு முன் என் பழைய ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்றவர் யாராவது வந்து அரை மணி நேரம் பேசினால் நன்றாயிருக்கும் என்று கூப்பிட்டார்கள். போனேன். பேசி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "மேடம், இப்பல்லாம் சாட்டிலைட் படத்துலயே வீட்டுக் கூரை ஓடுகளைக்கூட எண்ணிரலாம். இன்னும் எதுக்கு மேடம் வெயில்ல போய்ப் பாத்துட்டு வரச் சொல்றாங்க?" என்று கேட்டாள். "போய்ப் பாத்தாத்தான்மா தெரியும்" என்று சொல்லிச் சமாளித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது. ஏனென்றால், என் வேலையில் நான் செய்த பெரிய தப்பை வெயிலில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் செய்தேன். அதை அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

நில அளவை ஆபீஸில் நான் வேலைக்குச் சேர்ந்தது, வரைபடம் போடும் வரைவாளராக. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நார்த்தாமலைப் பக்கம் பாறைக் காட்டில் அளவுச் சங்கிலி இழுத்தோம், கொடிக் கம்பு நட்டோம், காலில் கொப்புளம் வந்தது, சில மாதத்தில் முடிந்தது. பிறகு முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பெரும்பாலும் நாற்காலிதான். முதலில் மை, பேனா, ட்ரேசிங் பேப்பர். கோடு தடித்துவிட்டால் பிளேடால் சுரண்டவேண்டும், அதுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு. அப்புறம் கம்ப்யூட்டர் வந்து மையையும் பிளேடையும் துடைத்துப் போட்டுவிட்டது. அதற்காக நான் ஒன்றும் அழவில்லை. மை பட்ட சேலைகளுக்குத்தான் அழவேண்டும்.

கம்ப்யூட்டர் வந்ததில் எனக்கு ஒரு சுகம் கிடைத்தது. அந்த வளாகத்திலேயே ஏசி போட்ட ஒரே அறை எங்களுடையது, மெஷினுக்காகப் போட்டது. வெளியே வெயில் கொளுத்தும். மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து உட்கார்ந்தால் திரையில் ஊர்கள் மேலே இருந்து தெரியும். சத்தம் கிடையாது, தூசி கிடையாது. விராலிமலையில் தொடங்கி மெல்ல நகர்த்திக்கொண்டே போவேன். கண்மாய்க்குக் கீழே கண்மாய், அதற்குக் கீழே வயல், அதற்கும் கீழே இன்னொரு கண்மாய். ஒன்றின் மிச்சத் தண்ணீர் அடுத்ததுக்கு இறங்கிப் போகும் தாரையைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு போவேன். எங்கே இருக்கிறேன், என்ன மணி என்பதெல்லாம் மறந்துபோகும். "மேடம், டீ ஆறிப்போச்சு" என்று யாராவது சொன்னால்தான் புதுக்கோட்டைக்குத் திரும்பி வருவேன். சின்ன வயதிலேயே என் அம்மா சொல்வாள், "கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்குற கழுதை" என்று. அந்தக் கழுதைக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்து அதே வேலையைச் செய்யச் சொன்னது.

கடைசிப் பத்து வருஷத்தில் வந்ததுதான் முகவரி வேலை. மாவட்டத்தில் இருக்கும் எல்லாத் தெருவையும் எல்லா வீட்டையும் ஒரே பதிவுக்குள் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு வீடும் ஒரு புள்ளி, ஒவ்வொரு ரோடும் ஒரு கோடு, புள்ளிக்குக் கதவு எண், கோட்டுக்குப் பெயர். தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், கடிதம் எல்லாமே அந்தக் கோட்டைப் பிடித்து அந்தப் புள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும். கேட்க லேசாக இருக்கிறது, இல்லையா? எங்கள் பக்கத்தில் எந்த ஊரை எடுத்தாலும் மேலத்தெரு, கீழத்தெரு, நடுத்தெரு. ஒரு தாலுகாவில் எத்தனை மேலத்தெரு என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். ஜனங்களிடம் முகவரி கேட்டால், "தண்ணித்தொட்டிக்கு எதுத்தாப்புல, துபாய்க்காரவுக மாடி வீட்டுக்குப் பின்னாடி" என்பார்கள். துபாய்க்காரர் திரும்பி வந்து பத்து வருஷம் ஆகியிருக்கும்.

ஒரு ரோட்டைப் பதிவில் ஏற்ற ஒரு முறை உண்டு. முதலில் வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துக் கோடு போட வேண்டும். பிறகு நேரில் போய், போனில் தடம் பதியும்படி வைத்துக்கொண்டு, அந்த ரோட்டில் முழுக்கப் போய் வர வேண்டும். வழியில் உள்ளூர்க்காரர் ஒருவரையாவது நிறுத்தி, வண்டி போகுமா என்று கேட்க வேண்டும். ஒரு போட்டோ எடுக்க வேண்டும். அப்புறம்தான் டிக் போடலாம். இதில் ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்று எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

சொல்லிக் கொடுத்தது எந்த அழகில் நடந்தது என்றும் சொல்கிறேன். கறம்பக்குடிப் பக்கம் ஒரு ஊர். புள்ளிகள் எல்லாம் வந்துவிட்டன என்று கோப்பு வந்தது. திறந்து பார்த்தால் தெருக்கள் காலியாகக் கிடக்கின்றன. ஊரில் ஒரு வீட்டுக்கும் புள்ளி இல்லை. ஊர் முகப்பில் ஒரு புளியமரம், அதன் நிழலுக்குள் ஊர் முழுக்க ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கிறது! கணக்கெடுக்கப் போன பையன்கள் வெயில் தாங்காமல் மரத்தடியில் நாற்காலி போட்டு, ஜனங்களை ரேஷன் கார்டோடு அங்கேயே வரவழைத்து, உட்கார்ந்த இடத்திலேயே புள்ளி புள்ளியாகத் தட்டியிருக்கிறார்கள். போனைப் போட்டுக் கிழித்துவிட்டேன். வைத்த பிறகு திரும்பத் திரும்ப அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் மொத்தமும் சண்டை சச்சரவு இல்லாமல் ஒரே மரத்தடியில் குடியிருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நினைப்பு. அழிக்க மனசே வரவில்லை. அழித்துவிட்டு, பையன்களைத் திரும்ப ஊருக்குள் அனுப்பினேன்.

அழிப்பதற்கு முன்னால் எங்கள் அதிகாரி தேவராஜ் சார் அந்தக் கோப்பைப் பார்த்துச் சிரித்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. மாவட்டம் முழுக்க பஸ்ஸிலும் நடையிலுமே சுற்றியவர். யார் வரைந்த படமானாலும் கையெழுத்துக்கு முன்னால் தாளில் பிரிண்ட் எடுத்து வரச் சொல்வார். பென்சிலைத் திருப்பி, கூர் இல்லாத பக்கத்தை பஸ் ஸ்டாப்பில் வைப்பார். கண்ணை அரைவாசி மூடிக்கொள்வார்.

"நான் எறங்கிட்டேன்மா. கையில ஒரு கவர் இருக்கு. கீழத்தெரு, நாலாம் நம்பர். கூட்டிட்டுப் போங்க."

நாம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வலது பக்கம் என்ன, இடது பக்கம் என்ன, நாய் இருக்கிற வீடா, கேட் பூட்டியிருக்குமா என்று கேட்டுக்கொண்டே பென்சில் நகரும். பதில் சொல்லச் சொல்ல, அந்த ஏசி அறை மறைந்து நாங்கள் இரண்டு பேரும் நிஜமாகவே ஏதோ ஒரு தெருவில் நடப்பதாகத் தோன்றும். எங்காவது நாம் திணறினால் பென்சில் நின்றுவிடும். கத்த மாட்டார். "எனக்கு வழி தெரியலம்மா" என்பார், அவ்வளவுதான். அந்த மூன்று வார்த்தைக்குத்தான் நாங்கள் எல்லோரும் பயந்தோம்.

இனி அந்த ரோடு. விராலிமலைப் பக்கம், பெரிய ரோட்டை ஒட்டி ஒரு ஊர், அதன் கிழக்கே ஒரு கண்மாய், கண்மாய்க்கு அந்தப் பக்கம் முப்பது வீடு இருக்கும் ஒரு குடியிருப்பு. ஊர்ப் பெயர் வேண்டாம், அக்கரை என்றே வைத்துக்கொள்வோம். நான் போனது சித்திரையில். கண்மாய் அப்போது கண்மாயாகவே இல்லை. ஏழெட்டு வருஷமாகத் தண்ணீர் பார்க்காமல் வெடித்துக் கிடந்தது. ஜனங்கள் வண்டல் மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். டிராக்டர்கள் போய்ப் போய், இக்கரையிலிருந்து அக்கரைக்கு நேராக ஒரு பாதை விழுந்திருந்தது. படத்தில் வெள்ளையாக, பழுப்புத் துணியில் விழுந்த மடிப்பு மாதிரி தெளிவாகத் தெரிந்தது. சுற்றிப் போகும் பழைய ரோடும் இருந்தது. அது வடக்கே அடுத்த ஊர் வழியாக ஏழெட்டுக் கிலோமீட்டர்.

முறைப்படியே செய்தேன். ஸ்கூட்டியில் போனைச் செருகிக்கொண்டு கரையிறங்கிக் கண்மாய்க்குள் போனேன். உச்சி வெயில். முன்னால் கானல் தளதளத்துக்கொண்டே இருந்தது. நான் போகப் போக அது விலகி வழிவிட்டது. தண்ணீருக்குள் வண்டி ஓட்டுவது மாதிரி இருந்தது எனக்கு. இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. சந்தோஷமாக இருந்தது. வாயில் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு போனேன். நடுவில் வண்டியை நிறுத்தி, மண் அள்ளிக்கொண்டிருந்தவர்களிடம் இது வண்டி போகிற ரோடுதானா என்று கேட்டேன். ரோடுதான் என்றார்கள். போட்டோ எடுத்தேன். ஆபீஸ் வந்து, "மண் ரோடு, நாலு சக்கர வண்டி போகும்" என்று டிக் போட்டேன்.

தேவராஜ் சாரும் பிரிண்டில் பென்சிலோடு கூடவே வந்தார்.

"நெழலு இருக்காம்மா?"

"ஒரு மரம்கூட இல்ல சார்."

"அப்ப வெரசா போயிருவோம்" என்று அக்கரை வரைக்கும் பென்சிலை இழுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை பிடித்தது. அடேயப்பா, அப்படி ஒரு மழை. நாள் கணக்காகப் பெய்தது. ஆபீஸ் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். எல்லாக் கண்மாயும் பெருகுகிறது என்று சேதி வந்தபோது எங்களுக்கெல்லாம் அவ்வளவு மகிழ்ச்சி. அந்த அக்கரைக் கண்மாயும் பெருகியிருக்கிறது. ஊரே கரையில் கூடி, மடைக்குத் தேங்காய் உடைத்து, கெடா வெட்டிக் கும்பிட்டார்களாம். அந்தக் கும்பிடு முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

கார்த்திகை பிறந்து சில நாளில் எங்கள் ஆபீஸுக்கு ஒரு கடிதம் வந்தது. அக்கரையில் ஒரு பெண்ணுக்கு விடிகாலையில் பிரசவ வலி எடுத்திருக்கிறது. வீட்டுக்காரர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டிருக்கிறார். கதவு எண்ணைச் சொன்னதும் அந்தப் பக்கம் வீடு தெரிந்துவிட்டது, வழி காட்டுவதற்கும் கோடு வந்துவிட்டது. இருக்கிற வழிகளில் கிட்டத்து வழியைத்தான் அது எடுக்கும். எடுத்தது நான் போட்ட கோட்டை. வண்டி கண்மாய்க் கரையில் வந்து, தண்ணீரைப் பார்த்து நின்றிருக்கிறது. டிரைவர் வெளி மாவட்டத்துக்காரர். திரும்பி, விசாரித்து, சேற்றில் சிக்கி, வடக்கே சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் நேரம் ஓடிவிட்டது. தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. தலைப்பிள்ளை. கடிதத்தில் ஒரே வரியில் "வரைபடப் பிழை" என்று போட்டிருந்தார்கள்.

தேவராஜ் சார் அந்த ஊர் பிரிண்டை எடுத்து வரச் சொன்னார். பென்சிலைத் திருப்பி, பெரிய ரோட்டில் வைத்தார். எதுவும் கேட்கவில்லை. கரையிறங்கி மெதுவாகக் கொண்டுபோனார். நடுவில் நிறுத்தினார்.

"நான் தண்ணியில நிக்கிறேன்மா" என்றார்.

பாத்ரூமுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும். எங்கள் பிரிவில் ஒருவர், எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, "மென்பொருள் கோளாறுன்னு எழுதிருவோம் சார், யாருக்கும் பிரச்சினை இல்ல" என்றார். சார் அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

"மென்பொருளா ஸ்கூட்டியில போச்சு? இந்த அம்மா போனாங்க. பின்னாடியே பென்சிலைப் புடிச்சுக்கிட்டு நான் போனேன். ரெண்டு பேர் பேரையும் எழுதுங்க."

அப்படியே எழுதினார்கள். இரண்டு பேருக்கும் மெமோ வந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வரவேண்டியதுதான். பதில் எழுதிய அன்றைக்குச் சாயங்காலம் நான் பையைத் தூக்கும்போது சார் சொன்னார். "நாளைக்கே போங்கம்மா. தண்ணி நிக்கையிலயே போய் வழியை எடுத்துட்டு வந்துருங்க. வத்திப்போச்சுன்னா மறுபடியும் அது ரோடாத்தான் தெரியும்." கொஞ்சம் நின்று, "அந்த வீட்டையும் பாத்துட்டு வாங்க" என்றார்.

எதற்குப் பார்க்க வேண்டும், பார்த்து என்ன சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. இரண்டு பஸ் மாறிப் போய், வடக்கு ஊரிலிருந்து ஒரு ஆட்டோ பிடித்து இறங்கினேன். குடியிருப்பில் நுழைந்ததும் கண்மாய் தெரிந்தது. சித்திரையில் நான் பாடிக்கொண்டு போன இடத்தில் தண்ணீர் கண்ணுக்கெட்டிய மட்டும் விரிந்து கிடந்தது. காலை வெயில் அதன்மேல் படுத்திருந்தது. நாரைகள் நின்றன. கருவேல மரங்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்று தலையை மட்டும் காட்டின. எவ்வளவு அழகு! இதை நான் ரோடு என்று எழுதியிருக்கிறேன்.

நான்கைந்து பேர் கூடினார்கள். மழைக்காலத்தில் வண்டி வரும் வழியைப் பதிய வந்திருக்கிறேன், யாராவது கூட வந்து காட்ட வேண்டும் என்று கேட்டேன். பின்னாலிருந்து ஒருவர், முப்பது வயது இருக்கும், மெலிந்த ஆள், முன்னால் வந்தார்.

"நான் காட்டுறேன் வாங்க" என்றார்.

பக்கத்தில் இருந்த பெரியவர், "சுப்பையா, நீ எதுக்குப்பா? வேற யாராச்சும் போகட்டும்" என்றார். கடிதத்தில் இருந்த பெயர் அதுதான். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன்.

அவருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனைப் பிடித்துக்கொண்டேன். அவர் நிதானமாக ஓட்டினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நான் கேட்காமலே நிறுத்தினார். "இங்கிட்டுத் திரும்பணும். நேரா போனா கலுங்கு, கண்மாயோட மிச்சத் தண்ணி மறிஞ்சு வழியுது, வண்டி போகாது." நான் குறித்துக்கொள்வேன். "இந்தப் பாலம் எப்பவும் முழுகாது." குறித்துக்கொள்வேன். என் வாழ்நாளில் அவ்வளவு ஒழுங்கான களப்பணி நடந்ததில்லை. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட வீண் இல்லை. வடக்கு ஊரைச் சுற்றி, பெரிய ரோட்டில் ஏறி, கடைசியில் இக்கரையில் வந்து, தண்ணீர் தொடும் இடத்தில் வண்டியை நிறுத்தினார். ஆம்புலன்ஸ் வந்து நின்ற இடம். சக்கரத் தடம் சேற்றில் அப்படியே காய்ந்திருந்தது.

அங்கிருந்து பார்த்தால் அக்கரை வீடுகள் தெரிந்தன. யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். கை இறங்கிய பிறகுதான் சத்தம் தண்ணீர் மேல் வந்து சேர்ந்தது. அவர் கரையில் உட்கார்ந்தார்.

"அந்தா, அந்த வேம்புக்கிட்ட நின்னு துண்டை வீசுனோம். இங்கன வண்டி நிக்கிது. லைட்டு சுத்துறது தெரியுது. கத்துறோம், காத்து எதுத்து அடிக்குது. திரும்ப அந்த வண்டிக்குப் போன் போட்டா டவர் கெடைக்கல" என்றார். "தெரியுதுங்க. கண்ணு முன்னாடி நிக்கிதுங்க."

சொல்லாமல் போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், நினைத்தேன்தான். ஆபீஸிலிருந்து வந்த யாரோ ஒரு அம்மா, வழி எடுத்துக்கொண்டு போனாள், அவ்வளவுதானே அவருக்கு? ஆனால் அந்தச் சக்கரத் தடம் என் காலடியில் கிடந்தது.

"தம்பி, இந்த ரோட்டைப் படத்துல போட்டது நான்தான்" என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"தெரியும்ங்க மேடம். சித்திரையில ஸ்கூட்டியில வந்தீங்க. ஆரஞ்சுக் கலர்ல தொப்பி போட்டிருந்தீங்க. டிராக்டர்கிட்ட வண்டியை நிப்பாட்டி, இது ரோடுதானான்னு கேட்டீங்கள்ல, எங்கிட்டத்தான் கேட்டீங்க. ரோடுதாங்க, ரோடுதாங்கன்னு நான்தான் சொன்னேன்."

எனக்கு அவர் முகம் நினைவே இல்லை. மண் புழுதிக்குத் துண்டால் முகத்தைச் சுற்றியிருந்த ஒரு ஆள், அவ்வளவுதான் நினைவு. வெயில், கானல், என்னுடைய பாட்டு எல்லாம் நினைவிருக்கிறது. பதில் சொன்ன ஆளின் முகம் நினைவில்லை. எப்படிப்பட்ட பிறவி நான்!

"நம்ம வீட்டுக்கும் ரோடு வருது, படத்துல ஏறுதுன்னு சந்தோசத்துல சொன்னேங்க. ஆபீஸ்ல இருந்து ரோட்டை எழுதிட்டுப் போறாங்கன்னு மட்டும் அன்னிக்கே வீட்டுல சொல்லி, ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டோம். அவளுக்கு அப்ப மூணு மாசம்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மேடம், ஒரே ஒண்ணு. எங்கிட்டத்தான் கேட்டீங்கன்னு என் சம்சாரம் தனத்துக்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க. யாரோ ஒரு ஆளுன்னு அவ நெனச்சுக்கிட்டிருக்கா. நான்தான் வழி சொன்னேன்னு தெரிஞ்சா, அப்புறம் அவ மூஞ்சியில நான் முழிக்க முடியாது."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுக்காமல் என்ன செய்வது?

திரும்பிப் போனபோது வாசலில் வண்டியை நிறுத்தி, "உள்ள போங்க, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார். அவர் உள்ளே வரவில்லை. வெளியே வேலி ஓரமாகப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தனம் கதவுக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்திருந்தாள். பச்சை உடம்பு, தலையில் துணி கட்டியிருந்தாள். சின்னப் பெண். எழ முயன்றாள், நான் தோளைப் பிடித்து உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவளிடம் பாதி உண்மையைச் சொன்னேன். ரோட்டைப் போட்டது நான்தான், என் தப்புதான் என்றேன். என்னைத் திட்டுவாள், காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

அவள் என் கையைப் பிடித்து, வாசல் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, அவரு உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாராம்மா?"

கொடுத்த வாக்கை நினைத்து நானும் வாசல் பக்கம் பார்த்தேன்.

"சொல்லியிருப்பாரு. எங்கிட்டத்தான் சொல்ல மாட்டேங்குறாரு. தெனமும் தூக்கத்துல 'ரோடுதாங்க, ரோடுதாங்க'ன்னு பொலம்புறாரும்மா. எனக்குத் தெரியாதாக்கும்? அன்னிக்கு மண்ணு அள்ளிட்டு வந்து, ஆபீஸ் அம்மா வந்தாங்க, நம்ம ரோட்டை எழுதிட்டுப் போறாங்கன்னு அவருதான சிரிச்சுக்கிட்டுச் சொன்னாரு. அதுகூடவா எனக்கு மறந்துரும்?" அவளுக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, குரல் மட்டும் நடுங்கவில்லை. "பிள்ளை போனதுல இருந்து இந்த வாசப்படி ஏற மாட்டேங்குறாரு. சோத்தைக்கூட அங்கனதான் வச்சுத் திங்கிறாரு. எனக்குத் தெரியும், நான் ஒண்ணும் நெனைக்கலன்னு நான் போய்ச் சொன்னா, அவரு மனசை ஆத்துறதுக்குச் சொல்றேன்னு நெனச்சுக்குவாரு. நீங்க ஆபீஸ்ல இருந்து வந்திருக்கீங்க. நீங்க சொன்னா நம்புவாரு. அவரு மேல தப்பில்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கம்மா."

எழுந்து வெளியே போனேன். கொடுத்த வாக்கையும் காப்பாற்ற வேண்டும், இவளுக்கும் கேட்கவேண்டும். அவர் எதிரில் போய் நின்று, வாத்தியார் மாதிரி உரக்கவே பேசினேன். எனக்கு வேறு விதமாகப் பேசத் தெரியாது.

"சுப்பையா தம்பி, இங்க பாருங்க. இது அரசாங்கத்துக்கு எழுதியாச்சு, ரெண்டு பேர் பேரைத்தான் எழுதியிருக்கு, ஒண்ணு நான், இன்னொண்ணு எங்க சாரு. மூணாவது பேர் அதுல இல்ல, இருக்கவும் கூடாது. சித்திரையில அது ரோடா இல்லையா? சொல்லுங்க. ரோடுதான். யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாங்க, அது நெசம். கேக்க வேண்டியதைக் கேக்காம வந்தது நான். மழை பேஞ்சா எந்த வழின்னு ஒரு வார்த்தை நான் கேட்டிருந்தா, அந்த வடக்கு ரோட்டை இன்னிக்குச் சொன்ன மாதிரி திருப்பம் திருப்பமா சொல்லியிருப்பீங்க. நான் கேக்கல."

அவர் தலை நிமிரவில்லை. தோள் குலுங்கியது. பின்னால் கதவு சத்தம் கேட்டது. தனம் சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கி வந்தாள். அவள் நடக்கவே கூடாத நாட்கள் அவை. நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினாள். வேலி வரைக்கும் தானாகவே நடந்துபோய், அவருக்குப் பக்கத்தில் தரையில் மெல்ல உட்கார்ந்தாள்.